வாசலில் நின்ற சப்பாத்து

குருநகரில் தோல் சப்பாத்து தைக்கிற சிமியோன், இனிக் கடுதாசிச் சீட்டு விளையாடுவதில்லை என்று அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று சத்தியம் செய்தது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானமே கை நமைக்கத் தொடங்கிவிட்டது.

சத்தியம் தானாக வந்ததல்ல. கடற்கரையில் இளையதம்பியின் வள்ளக் கொட்டிலில் மத்தியான வேளைகளில் நாலு பேர் கூடிக் கடுதாசி விளையாடுவார்கள். காசு வைப்பதில்லை. தோற்றவர் காதில் ஒரு பனையோலைச் சுருளைத் தொங்கவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சிமியோன் இரண்டு காதுக்கும் தோற்றார். தோற்ற கவலையில் ஓலையைக் கழற்ற மறந்து, கோயிலால் வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தார்.

மனைவி லூர்த்தம்மா சோற்றைப் போட்டாள். குழம்பை விட்டாள். பிறகு ஆறுதலாகக் கேட்டாள்.

"கோயிலிலை இப்ப ஆம்பிளையளுக்கும் தோடு குடுக்கினமோ?"

சிமியோனின் கை காதுக்குப் போனது.

வண்ணார்பண்ணையில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் பஞ்சலிங்கம் வீட்டில் கலியாணம். நாலு சோடி கறுப்புச் சப்பாத்துக்குச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒன்று, தோழனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, தாய்மாமனுக்கு ஒன்று. சொல்லி ஒரு மாதம். சிமியோன் இன்னும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

"மூண்டாம் வெள்ளிக்கிழமை கலியாணம்," என்றாள் லூர்த்தம்மா. "அதுக்கிடையிலை நாலு சோடியும் போகவேணும். போகேல்லையெண்டால் சனிக்கிழமை ரயிலிலை மன்னாரிலையிருந்து அண்ணை வருவார். பட்டறையை அவற்றை கையிலை குடுப்பன். நீங்கள் பக்கத்திலை இருந்து நூலுக்கு மெழுகு பூசுங்கோ."

அண்ணை என்பது சூசைப்பிள்ளை. மன்னாரில் வண்டில் மாடுகளுக்குக் கழுத்துப்பட்டி தைப்பவர். ஒரு தையலுக்கு ஒரு 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்லித் தைப்பார். அவர் கையால் தைத்த சப்பாத்தை இதுவரை ஒரே ஒரு மனிதர்தான் போட்டார். அவர் இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. இருபது வருஷம் தன் பட்டறையில் முதல் ஆளாய் இருந்த சிமியோன், அந்த மனிதருக்குப் பக்கத்தில் மெழுகு பூசுவதா? அந்தப் பயத்தில்தான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி எரிந்தது.

பட்டறை என்பது வளவு மூலையில் ஒரு ஓலைக் கொட்டில். வாசல் சமையற் குசினியைப் பார்த்தபடி. உள்ளே சிமியோன் வெறுங்காலோடு இருப்பார். சப்பாத்தைக் கால்விரலால் பிடித்துக்கொண்டு தைப்பது அவர் பழக்கம். அதனால் அவருடைய சப்பாத்து எப்போதும் வாசலில் நிற்கும். சப்பாத்து நின்றால் சிமியோன் உள்ளே. இல்லையென்றால் வெளியே. குசினியிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும்; லூர்த்தம்மா எழும்பி வரவே தேவையில்லை.

புதன்கிழமை மத்தியானம், சப்பாத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, பின்வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் புகுந்து வெறுங்காலோடு கடற்கரைக்குப் போனார். வழியில் சிப்பி ஓடு ஒன்று குதிக்காலைப் பிளந்தது. மூன்று நாள் நொண்டினார்.

"என்ன காலிலை?"

"குத்தூசி வழுக்கிப்போச்சு."

"குதியிலையோ?" என்று மட்டும் கேட்டாள் லூர்த்தம்மா.

இனி வெறுங்கால் சரிவராது என்று தெரிந்தது. காலில் ஒரு சோடி வேண்டும், வாசலிலும் ஒரு சோடி வேண்டும். நொண்டிக் கிடந்த மூன்று நாளும் யோசித்ததில் சிமியோனுக்கு ஒரு உண்மை வெளித்தது. வாசலில் நிற்கிற சப்பாத்துக்குக் கால் தேவையில்லை. யாருடைய அளவிலும் இருக்கலாம்.

அந்த வீட்டில் மேல்தோல் வெட்டித் தைப்பது லூர்த்தம்மா. அதைக் கட்டையில் இழுத்து, அடித்தோல் வைத்து, குதி அடித்து முடிப்பது சிமியோன். பிரக்கிராசியாரின் ஓடருக்கு அவள் தைத்த மேல்தோல் ஒன்று, அளவுக்கட்டையோடு மேசையில் தயாராய் இருந்தது. திங்களும் செவ்வாயும் இருந்து அந்த ஒரு சோடியை முடித்தார். சாம்பலும் புழுதியும் பூசிப் பழசாக்கி வாசலில் வைத்தார். கலியாணத்துக்கு முதல்நாள் துடைத்துக் கொடுத்தால் ஓடரிலும் ஒரு சோடி முடிந்தது. தன் மூளையை நினைக்க அவருக்கே பயமாய் இருந்தது.

தன் பழஞ்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தார். வேலிக் கதியால் கம்பு ஒன்று முதுகில் கீறிச் சேட்டைக் கிழித்தது. அதையும் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆட்டம் வென்றார். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் சப்பாத்து இல்லை.

சிமியோன் படியில் அப்படியே குந்திவிட்டார். நாயா? நாய் என்றால் ஒன்றைத்தான் கொண்டுபோகும். கள்ளனா? கள்ளன் என்றால் யாரிடம் முறையிடுவது? 'என்ரை சப்பாத்தைக் காணேல்லை' என்றால், 'அப்ப காலிலை கிடக்கிறது என்ன?' என்று கேட்பாளே. அவசர அவசரமாய்க் காலில் கிடந்ததைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடிக் குத்தூசியைக் கையில் எடுத்தார்.

லூர்த்தம்மா தேத்தண்ணியோடு வந்தாள்.

"சத்தத்தையே காணேல்லை?"

"தையல் வேலை. நூல் இழுக்கேக்கை சத்தம் வருமோ?"

"எத்தினை சோடி முடிஞ்சுது?"

"ஒண்டு," என்றார் சிமியோன்.

"ஓம்," என்றாள் அவள். போய்விட்டாள். அதைக் காட்டுங்கோ பாப்பம் என்று கேட்கவில்லை. கேட்காதது கேட்பதைவிடப் பயமாய் இருந்தது.

மறுநாள் காலை மேசையில் அடுத்த மேல்தோலும் அடுத்த கட்டையும் இருந்தன. சிமியோன் பேய் பிடித்தவர் போல வேலை செய்தார். ஒன்று போய்விட்டது, மிச்சம் மூன்றையாவது காப்பாற்ற வேண்டும். இரண்டு நாளில் அடுத்த சோடி முடிந்தது. முடிந்த மத்தியானம் வேலிக்கு அப்பால் இளையதம்பி விசிலடித்தான்.

"அண்ணை, ஒரே ஒரு ஆட்டம்."

ஒரே ஒரு ஆட்டம்தானே என்று புழுதியைப் பூசி வாசலில் வைத்துவிட்டுப் போனார். வந்தபோது அதுவும் இல்லை.

"எத்தினை?" என்றாள் லூர்த்தம்மா.

"ரெண்டு."

"ஓம்."

சிமியோனுக்கு நித்திரை போனது. கனவில் சூசைப்பிள்ளை ஒரு பெரிய மெழுகுக் கட்டியோடு ரயிலால் இறங்கினார். மூன்றாவது சோடியை முடித்து வாசலில் வைத்துவிட்டு, கள்ளனைப் பிடிப்பதென்று உள்ளே ஓலை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் காவல் இருந்தார். ஒரு காகம் வந்தது. போனது. வேறு யாரும் வரவில்லை. கள்ளன் பயந்துவிட்டான் என்று தெம்பு வந்தது. அடுத்தநாள் நம்பிக்கையோடு கடற்கரைக்குப் போனார். சப்பாத்தும் போனது.

அன்று கொட்டிலில், முன்பு போன இரண்டு சோடியையும் நினைத்து இளையதம்பியை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உன்ரை காலைக் காட்டு பாப்பம்."

"ஏன் அண்ணை?"

"காட்டடா."

இளையதம்பி காட்டினான். வாழ்நாளில் சப்பாத்தே காணாத கால். முழுக்கச் சேறு. அவன்மேல் சந்தேகப்பட்டதற்காகச் சிமியோன் அன்று வேண்டுமென்றே தோற்றார்.

மிஞ்சியது மாப்பிள்ளையின் சோடி. கலியாணத்துக்கு நாலே நாள். இதையாவது காப்பாற்றிக் கொண்டுபோய்ப் பிரக்கிராசியாரின் காலில் விழுவதென்று முடிவெடுத்தார். தையல் மணிமணியாய் விழுந்தது. அதன்பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வெட்கமாய் இருக்கிறது. புதன்கிழமை மத்தியானம் வேலிக்கு அப்பால் விசில் கேட்டது.

இந்தமுறை சும்மா போகவில்லை. மெழுகு நூலை லேஸ் துளைக்குள்ளால் விட்டு, வாசல் கப்புத் தூணோடு சேர்த்து ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பொட்டுக்குள்ளால் நுழையும்போது, சேட்டைக் கிழித்த அந்தக் கம்பைக் காணவில்லை. யாரோ வழுவழுப்பாய் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தோனியார் தன்னைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தார். சப்பாத்து இல்லை. நூலை அறுத்திருக்கவுமில்லை. ஏழு முடிச்சையும் பொறுமையாய் அவிழ்த்து, நூலை உருண்டையாய்ச் சுற்றிப் படியில் வைத்திருந்தது. நூலை வீணாக்காத கள்ளன். சிமியோன் அந்த உருண்டையை எடுத்து அவசரமாய்ச் சேட்டுப் பைக்குள் ஒளித்தார். பயத்தில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

"எத்தினை?"

"நாலும்," என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

"ஓம்," என்றாள் லூர்த்தம்மா.

வெள்ளிக்கிழமை காலை அவள் நல்ல சீலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ. பிரக்கிராசியார் வீட்டை போவம். மாப்பிள்ளைக்குச் சப்பாத்து சரியோ எண்டு பாக்க வேண்டாமே?"

"எந்தச் சப்பாத்து?" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

வண்ணார்பண்ணை வரைக்கும் சிமியோன் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. கால் போனது, அவ்வளவுதான். என்ன சொல்லலாம்? தோல் புழுத்துப் போச்சுது ஐயா. நெருப்புப் பிடிச்சுது ஐயா. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்வதென்று தீர்மானித்தார். அவ்வளவு தூரத்துக்கு நிலைமை கெட்டுவிட்டது.

கலியாண வீட்டுப் படலையில் வாழை கட்டியிருந்தது. உள்ளே மேளம். விறாந்தைப் படியோரம் வந்தவர்கள் கழற்றிய செருப்பும் சப்பாத்துமாய்க் குவிந்து கிடந்தது. அதற்கு முன்னால், தனி வரிசையாய், கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டு நாலு சோடி.

சிமியோன் குனிந்து பார்த்தார். குதிக்கு உட்பக்கம் தையல் முடிகிற இடத்தில் அவர் ஒரு சின்னச் சிலுவைத் தையல் போடுவார். நாலிலும் இருந்தது. கடைசிச் சோடியின் லேஸ் துளையில் மெழுகு நூலின் தும்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரக்கிராசியார் சால்வையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"சிமியோன், உம்மடை வேலை வேலைதான் காணும். நாள் தவறாமல் ஒவ்வொரு சோடியாய் உம்மடை மனுசி கொண்டந்து தந்தா. ஒண்டுதான் விளங்கேல்லை. ஏன் எல்லாத்திலையும் சாம்பல் மணந்தது?"

சிமியோன் வாயைத் திறந்தார். லூர்த்தம்மா முந்திக்கொண்டாள்.

"அது எங்கடை பட்டறைப் பக்குவம் ஐயா. தோல் வெடிக்காது."

திரும்பி வரும்போது, படலை தாண்டியதும் சிமியோன் மெல்லக் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் சோடியிலையே. மேல்தோல் தைச்சவள் நான். வாசலிலை நிண்டது தாய்மாமன்ரை சப்பாத்தெண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப வேலிக் கம்பு?"

"சேட்டுக் கிழிஞ்சால் அதைத் தைக்கிறதும் நான்தானே."

"மன்னாருக்கு, கொண்ணைக்குக் கடிதம் போட்டனியோ?"

"அவர் வந்து இருந்தால் நீங்கள் எப்பிடிப் பொட்டுக்குள்ளாலை போறது? போகாட்டில் வாசலிலை வைக்க ஆர் சப்பாத்து முடிக்கிறது?"

சிமியோனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பட்டறை தப்பியது. மெழுகுக் கட்டி தப்பியது. இரண்டு கிழமையாய்ப் பட்ட பாடெல்லாம் சேர்ந்து அவரைத் திருத்திவிட்டது. நடுத்தெருவில் நின்று கையை நெஞ்சில் வைத்தார்.

"லூர்த்து, இந்தமுறை மனதாரச் சொல்லுறன். இனிச் செத்தாலும் கடுதாசி தொடமாட்டன்."

லூர்த்தம்மா திடுக்கிட்டு நின்றாள். இருபது வருஷத்தில் அவள் முகத்தில் பயத்தைச் சிமியோன் அன்றைக்குத்தான் கண்டார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. டொக்டர் ஐயா ஆறு சோடிக்குச் சொல்லியிருக்கிறார்; நாளைக்கு மத்தியானமே போங்கோ."