வெண்ணிலாவின் சுழிகள்

VENNILA என்ற ஆங்கில எழுத்துகள் பலகையில் கோடு பிடித்தாற்போல் நேராக விழுந்தன. கீழே தமிழில் ‘வெண்ணிலா’ வந்தபோதுதான் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு வியர்த்தது. ‘ண்’ணின் சுழிகள் நசுங்கிய தகரப்பேணி மாதிரி இருந்தன.

“என்னப்பா, உங்கடை மிஷினுக்குத் தமிழ் தெரியாதோ?” என்றாள் மனைவி வத்சலா.

வேலைசெய்த தொழிற்சாலை மூடப்பட்டு, லண்டன் அப்டன் பார்க் வீட்டோடு கிடந்தவரிடம், கிரீன் ஸ்ட்ரீட்டில் ‘வெண்ணிலா’ என்று கடை திறக்கப்போவதாகச் சொல்லிப் பெயர்ப்பலகை கேட்டிருந்தான் அயலில் இருக்கும் சூசைதாசன். தன்னை நம்பி ஒருவன் கேட்டுவிட்டான். அதற்காகவே பழைய கம்ப்யூட்டரோடு மோட்டர்களைப் பூட்டி, மரம் செதுக்கும் மெஷினைச் சமையலறை மேசையில் கட்டினார்.

குற்றம் லீட் ஸ்குரூவில், அதாவது செதுக்கும் அலகை இழுத்துப்போகும் திருகுத் தண்டில் இருந்தது. ஹார்ட்வேர் கடைப் புரிக்கம்பி. நட் ஆடியது. திசை மாறும்போதெல்லாம் மோட்டர் முன்னே போக, அலகு யோசித்துவிட்டுப் பின்னே வந்தது.

தடித்த புரி வெட்டிய தண்டு வாங்கி, பித்தளை நட்டை இறுக்கினார். ஆட்டம் நின்றது, மோட்டரும் முக்கி முக்கி நின்றது. ‘லா’ போய் ‘ணி’யின் மேல் ஏறியது.

சூசைதாசனுக்குப் போன் எடுத்தார். “தம்பி, பலகை கொஞ்சம் சுணங்கும்.”

“அவசரமில்லை அண்ணை. ஆறுதலாச் செய்யுங்கோ.”

அடுத்து, ‘போல் ஸ்குரூ’ என்ற, நட்டுக்குள் குண்டுகள் உருளும் தண்டு. விரலால் தொட்டாலே சுழன்றது. அதுதான் வினை. சுவிட்சை அணைத்ததும் பிடித்து நிறுத்த எதுவுமில்லாமல், அலகு சுழன்றபடியே இறங்கி மேசையைத் துளைத்தது.

ஏச்சு விழப்போகிறது என்று நின்றார். வத்சலா ஓட்டையின்மேல் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சோறு போட்டாள்.

“சாப்பிட்டிட்டு மிச்சத்தைப் பாருங்கோ.”

மேலும் கீழும் போக மட்டும் தடித்த புரித் தண்டை அளவாக இறுக்கிப் போட்டார். மற்றப் பக்கங்களுக்குக் குண்டு உருளும் தண்டு. ‘ண்’ மூன்று சுழியும் திரண்டு வந்தது. தனியாக நின்று கைதட்டினார்.

பலகையைத் தோளில் சுமந்து சூசைதாசன் வீட்டுக்கு நடந்தார். அவன் வேலை ஷிப்டில். கதவைத் திறந்த அவன் மனைவி மேரிறோஸ் எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

“சரியான வடிவு அண்ணை!”

“கடை எந்தப் பக்கம், பிள்ளை? பலகையை நானே சுவரிலை பூட்டிவிடுறன்.”

“கடையோ? ஐயோ, வத்சலாக்கா இன்னும் சொல்லேல்லையோ? உங்களை எழுப்பி ஏதாவது செய்யவைக்க அவ எங்களைச் சொல்லச் சொன்ன பொய்யெல்லோ அது!”