காருக்கு மூச்சு கொடுத்தவர்

கெட்டுப்போன சாமானைப் பழுதுபார்க்கிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் சாமானைப் பழுதுபார்க்கிறவர்கள் என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது. பினாங்கில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். சரியாக மணி காட்டும் கடிகாரத்தைக் கண்டால் இவருக்குக் கை ஊறும். ஒழுகாத குழாயைக் கண்டால் அது என்றைக்கு ஒழுகப்போகிறதோ என்று கவலைப்பட்டு அன்றைக்கே ஒழுகவைத்துவிடுவார். சத்தமில்லாமல் தைக்கும் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் ஏன் வரவில்லை என்று காதை வைத்துக் கேட்பார். பிறகு, "ஓடுது, ஓடலேன்னு சொல்லல, ஆனா…" என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஆனா’ காதில் விழுந்ததும் வீட்டிலுள்ளவர்கள் சாமானை எடுத்து ஒளித்துவிடவேண்டும். ஒளிக்க முடியாத சாமானாக இருந்தால்? அது காராகவே இருந்துவிட்டால்?

கிராமட் ரோட்டில் குடியிருந்த பாக்கியநாதனிடம் இருந்தது கார்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ரப்பர் விலை விழுந்த வருஷம் சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். துரையிடம் அது மழையில் ஓடியது, வெயிலில் ஓடியது, தோட்டத்துச் சேற்றில் ஓடியது. பாக்கியநாதனிடமும் ஓடியிருக்கும். விட்டால்தானே?

பக்கத்து வீட்டு வில்லியம் தந்தியாபீஸ்காரர். அவருடைய மகள் லீனாவுக்குக் கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் அங்கேயே, தோட்டத்து மாதா கோயிலில். சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் நாள் கிடைத்தது. மறுநாள் தவக்காலம் ஆரம்பித்துவிட்டால் பாஸ்குத் திருநாள் வரைக்கும் கல்யாணமென்ற பேச்சுக்கே இடமில்லை. பங்குச் சாமியாருக்கு மத்தியானம் வேறு ஊரில் ஜோலி. உச்சிப்பொழுதுக்குமேல் ஒரு நிமிஷம் நிற்கமாட்டேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார். மற்றவர்கள் எல்லாம் முதல்நாளே போய்விட்டார்கள். பெண்ணைத் தன் காரில் தானே கொண்டுவந்து இறக்குவதாக பாக்கியநாதன் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்குக் கொடுத்தவர் சும்மா இருக்கலாமல்லவா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்தார்.

அங்கே தூசு வடிகட்டும் டப்பாவிலிருந்து கார்புரேட்டருக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. நல்ல கனம், கருப்பு நிறம். ஓரத்தில் நூலிழை போல ஒரு வெடிப்பு.

"ஓடுது," என்றார் பாக்கியநாதன், "ஆனா மூச்சு வாங்குது."

அவர் மனைவி ஜூலியானா அரிசி புடைத்துக்கொண்டே, "நாளன்னிக்குக் கல்யாணம். இன்னிக்கு ஏன் அதத் தொறந்தீங்க? சும்மா இருங்கலா," என்றாள்.

"நாளன்னிக்குக் கல்யாணமாச்சேன்னுதான் தொறந்தேன்."

கம்பெனிக் குழாய் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அதற்கெல்லாம் இந்த இனம் காத்திருக்குமா? சூலியா தெருவில் ஒரு சீனர் கடை. எந்தச் சாமானைக் கேட்டாலும் அந்தக் கடைக்காரர் மலாயில் "போலே, போலே", அதாவது ஆகும் ஆகும், என்பார். இந்தக் குழாய் காருக்கு ஆகுமா? போலே. சூடு தாங்குமா? போலே. கம்பெனிக் குழாயைவிட நல்லதா? அதற்கும் போலே. சிவப்பாக, பளபளவென்று, குழந்தையின் கன்னம்போல மெத்தென்று ஒரு குழாயை பாக்கியநாதன் வாங்கிவந்து மாட்டினார். பழைய குழாயை என்ன செய்தார் என்கிறீர்களா? உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார். இந்த இனத்தாரிடம் திரும்பிப்போக வழி என்று ஒன்று எப்போதும் இருப்பதில்லை.

வாசலில் நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டு வில்லியத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கேளுங்கண்ணே. எப்படி மூச்சு விடுது பாருங்க."

வில்லியத்துக்கு முன்பு கேட்ட சத்தமேதான் கேட்டது. ஆனால் பெண்ணைப் பெற்றவர், கார் வேண்டும். "ஆமா தம்பி, நல்லாத்தான் விடுது," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. பாக்கியநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் வில்லியம், பின்னால் வெள்ளைச் சேலையும் தலைமுக்காடுமாக லீனா, அவளுக்குத் துணையாக ஜூலியானா. ரிக்‌ஷாக்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவே ஊர்ந்து துறைமுகத்துக்குப் போகிறவரைக்கும் கார் தங்கமாக இருந்தது. கார் ஏற்றும் ஃபெரியிலும் பாக்கியநாதன் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் காரின் சொந்தக்காரரிடம் காற்றோட்டத்தைப் பற்றி விளக்கினார். அந்த மனிதர் அக்கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டர்வொர்த்தில் இறங்கித் திறந்த ரோடு வந்ததும் பாக்கியநாதன் காலை அழுத்தினார். கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, விக்கியது, நின்றது.

இறங்கி மூடியைத் திறந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழாய் சிவப்பாகச் சிரித்தது. கைப்பிடியைச் சுழற்றினார், கிளம்பியது. மெதுவாகப் போனால் போயிற்று. காலை அழுத்தினால் விக்கிற்று. வெயில் ஏற ஏற விக்கலும் ஏறியது. சிம்பாங் அம்பாட்டை நெருங்கும்போது, கூரை வேயும் அத்தாப்பு ஓலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து, பக்கவாட்டில் கொஞ்சதூரம் சேர்ந்து போய், மரியாதையாக முந்திக்கொண்டது. அடுத்த திருப்பத்தில் கார் நின்றேவிட்டது. வண்டிக்காரர் அய்யாக்கண்ணு மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கிராணியாரே, பொண்ண ஓலை மேல உக்கார வச்சுக்கலாமா? சாயங்காலத்துக்குள்ள சுங்கை பாக்காப் போயிரலாம்."

அவர் கேலி செய்யவில்லை. அதனால்தான் பாக்கியநாதனுக்குச் சுருக்கென்றது. வில்லியம் பாக்கெட் கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். அந்த மனிதர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பாக்கியநாதனுக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாழ்வைத் தன் கையரிப்பு பாஸ்கு வரைக்கும் தள்ளிப்போடப் போகிறதே என்று முதல்முறையாக அவருக்கு உறைத்தது.

"அண்ணே, நீங்க உள்ள உக்காந்து நல்லா அழுத்துங்க. நான் பாக்கறேன்," என்றார்.

வில்லியம் அழுத்தினார். பாக்கியநாதன் கார்புரேட்டருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்த ஜூலியானாதான் பார்த்தாள்.

"என்னாங்க, அடியில என்ன தேடுறீங்க? குழாயப் பாருங்க. பல்லில்லாத கெழவன் வாய் மாதிரி உள்ள இழுத்துக்குது."

நிமிர்ந்தார். சூட்டில் குழைந்துபோன சிவப்புக் குழாய், எஞ்சின் காற்றை உறிஞ்சின வேகத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தட்டையாகக் கிடந்தது. எஞ்சின் அடங்கியதும் ஒன்றும் அறியாததுபோல மெல்ல உப்பிக்கொண்டது. மூடியைத் திறந்த போதெல்லாம் நல்லபிள்ளையாக இருந்த மர்மம் அதுதான்.

"உள்ள எதாவது முட்டுக் குடுத்தா போதும்," என்றார் பாக்கியநாதன் மெல்லிய குரலில். "வட்டமா, கெட்டியா…"

ஜூலியானா கைவளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"வளையலயா? கார்லயா?" என்றார் அவர், கழுத்து வரை சிவந்து.

"பின்ன, கழுத்துலயா போடப் போறீங்க? கழட்டுங்க குழாய."

இறுக்கமாகத்தான் நுழைந்தன. ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி விலாவெலும்புபோல வரிசையாக நிறுத்தினாள். எஞ்சினுக்குள் போய்விடாதா என்று வில்லியம் கேட்டார். கார்புரேட்டர் வாய் வளையலைவிடச் சின்னது என்று பாக்கியநாதன் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். பாதிக் குழாய்க்கே வளையல் தீர்ந்துபோயிற்று.

லீனா காருக்குள்ளிருந்து கையை நீட்டினாள். "இதையும் போடுங்க மாமா."

"கல்யாணப் பொண்ணு கைம்மா. மூளியா வச்சுக்கிட்டுப் போறதா?" என்றார் பாக்கியநாதன்.

"வளையல் இல்லேன்னு யாரும் கல்யாணத்த நிறுத்த மாட்டாங்க. ஆளு வரலேன்னாத்தான் நிறுத்துவாங்க."

அதற்குப்பிறகு கார் ஓடியது. அய்யாக்கண்ணுவின் வண்டியைத் தாண்டியபோது அவர் தலைப்பாகையைத் தூக்கிக் காட்டினார். சாமியார் குடையும் பையுமாகக் கோயில் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு நேரே போய் நின்றது. அவர் சூரியனை ஒருதரம் பார்த்தார், பெண்ணை ஒருதரம் பார்த்தார், குடையை மடக்கிக்கொண்டு திரும்பிப் படியேறினார். கல்யாணம் நடந்தது.

விருந்தில் மாமியார், "ஏம்மா, கை வெறுங்கையா இருக்கு?" என்று கேட்க, "வளையல் காருக்குள்ள இருக்கு அத்தை," என்று மருமகள் சொல்ல, மொத்தக் கூட்டமும் காரைச் சுற்றி நின்றுவிட்டது. இதற்குள் பாக்கியநாதனுக்கு உயிர் திரும்பியிருந்தது. "குழாய்க்குள்ள வளையம் வைக்கிற மொறைய நாங்க இன்னிக்குத்தான் பரீட்சை பண்ணிப் பாத்தோம்," என்றார். ஜூலியானா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பனார் பீட்டர் முன்னால் வந்தார். தோட்டத்துக் கிராணி. குழாயை விரலால் அமுக்கினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். அவர் மனைவி எதையோ உணர்ந்தவள்போல, "சாப்பாடு ஆறுது, வாங்க," என்றாள். அவர் காதில் அது விழவில்லை.

"வளையல் நல்லாத்தான் இருக்கு," என்றார் பீட்டர், "ஆனா ரோத்தான் பிரம்ப வளைச்சு உள்ள விட்டா…"

பாக்கியநாதன் அவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பிரிந்திருந்த அண்ணன் தம்பி சந்தித்ததுபோல இருந்தது. இரண்டு பேரும் சட்டைக் கையைச் சுருட்டினார்கள். பிரம்பு வெட்ட ஆள் போயிற்று, குழாய் கழன்றது, கார்புரேட்டரும், எதற்கும் பார்த்துவிடலாமே என்று, கழன்றது. வளையல்களைப் பொறுக்கி, லீனாவுடையதை அவள் கையில் போட்டுவிட்டு, தன்னுடையதைத் துடைத்துப் போட்டுக்கொண்ட ஜூலியானா, வில்லியத்தோடு பஸ்ஸில் ஊர் திரும்பினாள். பாக்கியநாதன் கார் இல்லாமல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார், மிகுந்த சந்தோஷத்தோடு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? சிவப்புக் குழாய் தட்டையாகிப்போன இடத்தைப் படித்தபோது, ‘அடடா, வெளிப்பக்கம் கம்பி சுற்றியிருந்தால் போதுமே’ என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் சொல்லவில்லையா? சொல்லியிருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.