மேட்டுநாட்டு நாழிகைச் சட்டம்

மேட்டுநாட்டில் ஆறு கிடையாது. அரசாணைகள் மட்டும் அங்கே வற்றாமல் ஓடின. தண்ணீர் முழுவதும் அரசுக் கிணறுகளிலிருந்து ஏற்றத்தில் இறைத்ததுதான். மேலே ஏற்ற மரத்தில் ஒருவர் நடப்பார். கீழே நிற்பவர், சால் என்னும் பெரிய வாளி நிறைந்து வரும்போது கவிழ்த்து, எத்தனையாவது சால் என்று பாட்டாகவே எண்ணுவார். நாளுக்கு இருபது நாழிகை வேலை. அதற்கு மேல் இறைத்தால் இரட்டைக் கூலி. இது பழைய சட்டம்.

அந்தக் கோடையில் சால் கவிழ்க்கும் செம்பாயி, மூன்று மாதம் நாள்தோறும் முப்பது நாழிகை உழைத்தாள். மழைக்கு முன் வீட்டுக்குக் கூரை போட்டாக வேண்டும். மிகைக் கூலியை நம்பி மூங்கிலுக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

கூலி நாளன்று நேரத்துறை அமைச்சர் குலபதியார் ஆணையோடு வந்தார்.

"உழைப்பு தூய்மையானது. அதில் ஓய்வு கலக்கலாமா? தண்ணீர் குடித்த நேரமும் வியர்வை துடைத்த நேரமும் மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கழிக்கப்படும்."

கழித்த பிறகும் நாளுக்கு இருபத்தேழு நாழிகை நின்றது. அமைச்சருக்கு அது உறுத்தியது. கூலியை நிறுத்திவைத்து, மறுவாரமே அடுத்த ஆணை போட்டார்: கிணற்றுக்குள் இறங்கும்போது சால் காலியாகத்தான் இறங்குகிறது, காலிச் சால் உழைப்பாகாது. பாதி போயிற்று. மூன்றாவது ஆணை, பாட்டெல்லாம் பொழுதுபோக்கு என்றது.

கணக்கர் சேந்தன் கூட்டிக் கழித்துச் சொன்னார்: "நாளுக்கு ஒன்பது நாழிகை."

"அப்போ மிகைக் கூலி?" என்றாள் செம்பாயி.

"முதலில் இருபதை எட்டு, பெண்ணே," என்றார் அமைச்சர்.

"இந்தக் கணக்குல இருபது வரணும்னா அறுபத்தேழு நாழிகை எறைக்கணும் சாமி. ஒரு நாளுக்கே அறுபதுதானே!"

"நாளை நீட்டிப்பது குறித்தும் அரசு பரிசீலித்து வருகிறது."

அத்தோடு விட்டிருக்கலாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளும் ஆசை யாரை விட்டது? மூன்று ஆணைகளையும் புதுச் சட்டமாக்கிக் கல்லில் வெட்டி, 'மன்னர் முதல் மண் சுமப்போர் வரை அனைவருக்கும் ஒரே நாழிகை' என்று அலங்காரமாக ஒரு வரியும் சேர்த்து, தேர்தல் மைதானத்தில் நட்டார் அமைச்சர்.

மேட்டுநாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். மறுபடி போட்டியிடுபவர் ஐந்தாண்டுப் பணியை முடித்தவர் என்று கணக்கர் மேடையில் சான்று சொல்ல வேண்டும். இதுவரை எல்லாக் கணக்கரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள்.

"ஐந்தாண்டும் இரவு பகல் பாராமல் உழைத்தேன்!" என்று முழங்கினார் மன்னர் மகிபாலர்.

கூட்டத்திலிருந்து செம்பாயி எழுந்தாள். "கணக்கரய்யா, கல்லுல எழுதியிருக்கிறபடி கழிச்சுச் சொல்லுங்க."

சேந்தன் பயந்தவர்தான். ஆனால் எழுதி வைத்த விதியை மீற அதைவிடப் பயந்தவர். உறக்கத்தைக் கழித்தார். விருந்தைக் கழித்தார். கை நிறைய வாக்குறுதியோடு போய் வெறுங்கையாகத் திரும்பிய பயணங்களைக் காலிச் சால் என்று கழித்தார். புகழ்பாட்டு கேட்ட நேரம் பொழுதுபோக்கில் போயிற்று.

"மூன்று நாழிகை மிஞ்சுகிறது, மன்னா."

"எந்த மூன்று?"

"அந்த மூன்று ஆணைகளுக்கும் முத்திரை குத்தியது."

மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

மன்னருக்கு வேர்த்தது. துடைக்கக் கை தூக்கியவர், கணக்கர் பார்ப்பதைக் கண்டு கையை இறக்கினார். "அந்தச் சட்டத்தை ஒழியுமய்யா! பிறந்த நாளிலிருந்தே செல்லாது என்று எழுதும்!"

"எல்லாருக்குந்தானே சாமி?" என்றாள் செம்பாயி.

"எல்லாருக்கும்தான்!"

முத்திரை விழுந்தது. சேந்தன் அங்கேயே உட்கார்ந்து ஊரின் மிகை நாழிகைகள் அத்தனையையும் கணக்கில் திரும்ப ஏற்றினார். கருவூலம் திறந்து, கூலி கைக்கு வந்த பிறகுதான் ஜனங்கள் வாக்களிக்க வரிசையில் நின்றார்கள். போட்டியிட மகிபாலருக்கு இப்போது முழுத் தகுதி இருந்தது. வாக்குதான் இல்லை.

செம்பாயி கூரை போட்டு முடித்த ஐந்தாம் நாள் மழை வந்தது. ஒரு சொட்டு உள்ளே ஒழுகவில்லை.

மழை விட்டதும், புதிய மன்னரின் நேரத்துறை அமைச்சர் கிணற்றடிக்கு வந்து பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சால் எண்ணிக்கையோடு வேறு ஏதோ எண்ணுகிறாயே, என்ன அது?"

செம்பாயி சாலைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒங்க நாழிகை, சாமி."