எட்டு இஞ்சு கேட்ட வண்டி

பிக்கப் வண்டிக்கு ஆசை உண்டு. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் படித்தவர், படிக்காதவர், கடனில் வண்டி எடுத்தவர், ரொக்கத்தில் எடுத்தவர் என்று எல்லாரும் ஏகமனதாக ஒப்புக்கொண்ட உண்மை இது. வண்டிக்கு உயரமாக நிற்க ஆசை. எத்தனை இஞ்சு உயரம் என்பது அந்தந்த வண்டியின் மனசைப் பொறுத்தது. அந்த மனசைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் அதிர்ஷ்டம், அவர் புறவழிச்சாலையில் டயர் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில் இருந்தார். ஸ்பிரிங் சித்தர் என்று பெயர்.

முன்பு அதே கொட்டகையில் பழைய பேட்டரி விற்றார். அப்போது அவருக்கு ஞானம் வரவில்லை. பிறகு வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விற்க ஆரம்பித்தார். அப்போதும் வரவில்லை. வாங்க ஆளில்லாமல் கிட் எல்லாம் மூலையில் துருப்பிடிக்க ஆரம்பித்ததே, அன்றைக்கு வந்தது. சரக்கு தேங்கும் நேரம் பார்த்துத்தான் ஞானம் வரும் போலிருக்கிறது.

லிஃப்ட் கிட் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக், நடுவில் வைக்கும் இரும்புக் கட்டைகள். இவற்றை மாட்டினால் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும், வண்டியின் உடம்பு மட்டும் மேலே போகும். பாறையிலும் சேற்றிலும் ஏறி இறங்குகிறவனுக்கு அது தேவை. எங்கள் ஊர்க்காரர்கள் ஏறி இறங்குவதெல்லாம் கடை வாசல் வேகத்தடைதான். அதனாலென்ன? வண்டி ஆசைப்படுகிறதே!

விடிந்தால் கொட்டகை வாசலில் வரிசை. ஐஸ் கம்பெனி வண்டி, மரக்கடை வண்டி, மெத்தைக் கடை வண்டி. வரிசையில் நிற்கும்போது யாரும் வண்டியைத் திட்டக் கூடாது. திட்டினால் அது மனசை மூடிக்கொள்ளுமாம். வீட்டில் பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தவரெல்லாம் இங்கே பானெட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

கொட்டகைக்குள் ஓர் இரும்பு மேடை. வண்டி அதன்மேல் ஏறி நிற்கும். ஏறியதும் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, சக்கரங்களைத் தரைவரை மறைத்துவிடுவார்கள். வண்டி எழும்புவதற்குச் சித்தர் பாஷையில் மூச்சு விடுவது என்று பெயர். மூச்சு விடும்போது வண்டிக்குக் கால் தெரியக் கூடாது, அதற்கு வெட்கம். வெட்கம் தெரியாத ஜென்மங்களான நாம் கேள்வி கேட்கக் கூடாது. பின்சுவரில் ஒரு சிவப்புக் கோடு. எல்லாரும் அந்தக் கோட்டையும் வண்டியின் கூரையையும் மட்டுமே பார்க்க வேண்டும்.

சித்தர் நூலில் கட்டிய இரும்புக் குண்டை பானெட்டுக்கு மேல் பிடிப்பார். "ரெண்டா?" என்று மெல்லக் கேட்பார். வண்டி அசையாது. "நாலா?" அசையாது. பிறகு கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, "எட்டா?" என்பார். கூட்டமும் சேர்ந்து, "எட்டா! எட்டா! எட்டா!" என்று கத்தும். அப்போது 'ங்...' என்று ஒரு முனகல். வண்டி தானாக எழும்பும். கூரை சிவப்புக் கோட்டைத் தாண்டும். பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதில் ஓர் அதிசயம் என்னவென்றால், எந்த வண்டியும் இரண்டு இஞ்சு கேட்டதில்லை. கடையில் விலை கூடிய கிட் எதுவோ, அதையேதான் எல்லா வண்டியும் கேட்டது. வண்டிகளுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை!

முட்டை வியாபாரி ஒருவர் இந்த எழுச்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். இருபது மைல் தள்ளி மலைக்கு மேலே இருக்கும் பண்ணையிலிருந்து முட்டை எடுத்து வந்து கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். தொழிலில் பாதி அவர் மனைவி. ஏற்றுவது, இறக்குவது, அடுக்குவது எல்லாம் அந்த அம்மாள் கை.

"நம்ம வண்டிக்கும் கேட்டுட்டேன். கொட்டகை வாசல்ல நிறுத்தினதுமே எஞ்சின் சத்தம் மாறிடுச்சு. சித்தர் சிரிச்சார். எட்டுன்னுதான் வரும்னார்" என்றார் கணவர்.

"எட்டு இஞ்சு தூக்கினா முட்டையை எப்படிங்க ஏத்துறது? இப்பவே நெஞ்சு உயரத்துக்குத் தூக்குறேன். ஏணி வாங்கித் தருவாரா உங்க சித்தரு?"

"எல்லாத்துக்கும் குறுக்கே பேசாதே. பக்கத்து வீட்டு வண்டியைப் பாத்தியா? எப்படி நிக்குது! நம்மது முட்டி போட்ட மாதிரி நிக்குது."

"பின்னாடி ஸ்பிரிங் பழசாகி உக்காந்துடுச்சு. அதை மாத்தினா நேரா நிக்கும். அது சரி, நின்ன இடத்துல தானா எழும்புற வண்டிக்குக் கிட் எதுக்குங்க?"

கணவர் கொஞ்சம் தடுமாறினார். "அது... அது ஆசையைக் காட்டுது. எழும்பினது அப்படியே நிக்கணும்னா கிட் போட்டாகணும்."

"சோபா கடைக்காரர் வண்டியும் ஆசையைக் காட்டுச்சு. எங்க போய்ப் படுத்துச்சு?"

எங்கே என்று ஊருக்கே தெரியும். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் படுத்தது. எட்டு இஞ்சு உயர்த்திய வண்டி, மேலே சோபா, வேகமாகத் திரும்பினார், சரிந்தது. வண்டி போனது, காலில் இரும்புத் தகடு வந்தது. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஊன்றுகோலோடு நேரே சித்தரிடம்தான் போனார். சித்தர் அவர் தோளைத் தட்டி, "வளைவுல திரும்பும்போது உன் மனசுல ஒரு சந்தேகம் வந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். வண்டி சாயும்போது எவனுக்குத்தான் சந்தேகம் வராது? வந்தது என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சந்தேகப்படாதீங்க, என்னைப் பாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஏமாந்தேன் என்று சொல்வதைவிட, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவது சிலருக்குச் சுலபம்.

"தினமும் காலையில நம்ம பொண்ணு நம்ம வண்டியில முன்சீட்டுலதான் ஸ்கூலுக்குப் போறா. அதே வளைவுலதான் போறா. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

"நான் சந்தேகப்பட மாட்டேன்" என்றார் கணவர்.

அந்த அம்மாளுக்கு வந்த கோபத்துக்கு வீட்டிலிருந்த முட்டை எல்லாம் போதாது. ஆனால் அவள் எறியவில்லை. "சரி, நாளைக்கு நானும் வரேன்" என்றாள். மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக் கணவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் முட்டை வண்டி மேடை ஏறியது. சீடர்கள் துணியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மனைவி கையில் ஒரு கட்டுக் காலி முட்டை அட்டைகளோடு முன்னே வந்தாள்.

"சாமி, எங்களுக்குச் சோறு போடுறது இந்த அட்டைதான். சக்கரத்துக்கு மேல வச்சிக்கிட்டா ராசின்னு தோணுது. வைக்கட்டுங்களா?"

சித்தர் முகம் மலர்ந்தது. இது அவருக்கே தோன்றாத சடங்கு. "பாத்தீங்களாடா? பக்தின்னா இது! வைம்மா, நல்லா வை."

டயரின் உச்சிக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். கடைசி அட்டை உள்ளே போகவில்லை. உள்ளங்கையால் தட்டி இறக்கினாள். இனி ஒரு தாள்கூட நுழையாது. பிறகு துணி கட்டினார்கள்.

குண்டு ஆடியது. இரண்டா? இல்லை. நாலா? இல்லை. எட்டா? எட்டா! எட்டா! எட்டா! முட்டை வண்டி முனகிக்கொண்டு எழும்பியது. கூரை கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே போனது. கணவர் கை கூப்பிவிட்டார்.

"சாமி, வண்டி எழும்பி நிக்கும்போதே அந்த அட்டையை உங்க கையால எடுத்துத் தாங்க. வீட்டுல மாட்டி வைக்கிறேன்" என்றாள் மனைவி.

சித்தர் பெருந்தன்மையோடு துணிக்குள் கை விட்டார். இழுத்தார். வரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் இழுத்தார். அட்டையின் ஒரு மூலை மட்டும் கிழிந்து கையோடு வந்தது.

"என்னங்க சாமி?"

"இறுக்கமா இருக்கும்மா. வரமாட்டேங்குது."

"இறுக்கமாவா இருக்கு?" அவள் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "எல்லாரும் கேட்டுக்குங்க. வண்டி எழும்பினா சக்கரம் கீழே நிக்கும், உடம்பு மேலே போகும். நடுவுல இடம் கூடும். வச்ச அட்டை பொலபொலன்னு விழுந்திருக்கணும். இவரு ரெண்டு கையால இழுத்தும் வரல. அப்போ வண்டி எழும்பல. சக்கரத்தோட சேத்து எல்லாத்தையும் வேற ஏதோ தூக்குது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. சித்தர் சட்டென்று சுவரோரம் தொங்கிய மணியை அடித்தார். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. "சந்தேகம்! இந்தம்மா மனசுல சந்தேகம்! அதனாலதான் வண்டி முழுசா மூச்சு விடல!"

"சந்தேகம் இருந்தா எழும்பக் கூடாதே சாமி? நேத்து ராத்திரியிலிருந்து எனக்கு முழுச் சந்தேகம்தான். அப்படியும் ஒரு சாண் எழும்புச்சே?"

கணவர் முன்னே வந்தார். துணியை அவிழ்த்துப் போட்டார். அட்டையைத் தொட்டார், அசைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வண்டியில் ஏறிப் பின்பக்கமாக எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். என்ன நினைத்தாரோ, முன்சீட்டுப் பக்கம் போய் அந்தக் கதவை ஒருமுறை இழுத்துச் சாத்தினார்.

காலியான மேடைமேல் சித்தர் தாவி ஏறினார். "மேடையில தந்திரம்னு சொல்றாளா? இது பூமியோட பூமியா பதிஞ்ச மேடைடா! பாருங்க, குதிக்கிறேன். அசையுதா? ஒரு நூல் அசையுதா?" குதித்தார். அசையவில்லை. கூட்டம் மறுபடியும் அவர் பக்கம் சாய ஆரம்பித்தது. நம்மாட்களுக்குச் சாய்வதற்கு அதிக நேரம் பிடிக்காது.

அப்போது வாசல் நாற்காலியிலிருந்து சோபா கடைக்காரர் எழுந்தார்.  ஊன்றுகோலைத் தரையில் ஓங்கிக் குத்தி, தொண்டை கிழியக் கத்தினார்:

"எட்டா?"

பழக்கம் என்பது பொல்லாதது. என்ன ஏதென்று யோசிக்காமல் மொத்தக் கூட்டமும், "எட்டா! எட்டா! எட்டா!" என்றது.

சுவருக்குப் பின்னால் ஒரு விசுவாசமான கையாள் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மேடை தெரியாது. மூன்று முறை சத்தம் கேட்டால் பம்பை அழுத்த வேண்டும். மணி கேட்டால் இறக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குச் சொன்ன வேலை. அழுத்தினான்.

'ங்...'

இரண்டு கையையும் விரித்தபடி சித்தர் மெதுவாக எழும்பினார். தலை சிவப்புக் கோட்டை நோக்கிப் போனது. காலடியில், மேடைக்கும் தரைக்கும் நடுவே, எண்ணெய் மினுமினுக்கும் இரும்புத் தூண்கள் நான்கு பளிச்சென்று தெரிந்தன.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பின்வரிசையில் ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும், "அய்யோ, சித்தரே மிதக்கிறாரே!" என்று கைகூப்பினார். இப்படி ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவர்கள் இல்லாவிட்டால் சித்தர்கள் பிழைப்பது எப்படி?

சோபா கடைக்காரர் நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்தார். அழுதுகொண்டிருந்தார். "சந்தேகப்பட்டதாலதான் கால் போச்சுன்னு சொன்னியேடா. பாவி, ஆறு மாசமா என்னையே நான் திட்டிக்கிட்டுக் கிடந்தேனேடா. சந்தேகப்படாம உன் கிட்டைப் போட்டதாலடா போச்சு!"

மரக்கடைக்காரர் சுவருக்குப் பின்னால் போய்க் கையாளைக் காதைப் பிடித்து இழுத்து வந்தார். பம்பும் குழாயும் வெளியே வந்தன. சித்தரைக் கீழே இறக்க யாரும் மணி அடிக்கவில்லை. அவரே குதித்தார், கணுக்கால் பிசகியது. போலீஸ் வரும்வரை டயர் கடை வாசலில் உட்கார்ந்து, தன் காலுக்கு ஏதாவது தைலம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊர் வண்டிகளின் மூச்சையெல்லாம் பிடித்தவருக்குத் தன் சுளுக்கைப் பிடிக்கத் தெரியவில்லை.

முட்டை வியாபாரியும் மனைவியும் மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் குண்டு எதையும் ஆட்டவில்லை. என்ன சுமை, எந்தப் பாதை என்று கேட்டார். பின்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கை மாற்றினார். வண்டி வாங்கிய அன்று நின்ற உயரத்தில் மறுபடியும் நிற்கிறது. அவர்கள் பெண் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் போன வாரம் புறவழிச்சாலைப் பக்கம் போனேன். ஜாமீனில் வந்த அந்தக் கையாளைச் சுற்றி ஒரு சின்ன வரிசை. "சித்தர் டூப்புதான் சார். ஆனா எழுப்பினது இவர் கைதானே?" என்று எனக்கு விளக்கம் சொன்னார் மெத்தைக் கடைக்காரர்.

வண்டிக்கு மனசும் கிடையாது, மூச்சும் கிடையாது, ஆசையும் கிடையாது அய்யா. உங்களுக்கு மூளை மட்டும் நிச்சயமாக உண்டு. அது உட்கார்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. அதை எழுப்ப எந்தக் கடையிலும் கிட் விற்பதில்லை. நீங்களேதான் எழுப்பியாக வேண்டும்.