யூ ஆணி அண்ணன் போட்ட வேலி

ஆணியைப் பார்த்து முகம் மலர்கிற மனிதரை மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி மேலதிகாரி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் யூ ஆணி அண்ணன்.

வேலிக் கம்பியை மரக் கம்பத்தோடு சேர்த்துப் பிடிக்க அடிப்பார்களே, இரண்டு கால் உள்ள வளைந்த ஆணி, அதுதான் யூ ஆணி. அண்ணனுக்கு நிலம் கிடையாது, தோட்டம் கிடையாது. கே.கே. நகரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். அங்கே வேலி போட வேண்டுமென்றால் காற்றில்தான் போட வேண்டும். பிறகு ஏன் இந்தப் பித்து என்று கேட்டேன்.

“வேலி விழுந்தா கம்பத்தைத் திட்டுறாக, கம்பியத் திட்டுறாக. ஆணிய எவனாவது விசாரிக்கிறானா மாப்ள?” என்றார். உறவுக்காரர் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிட்டது போலக் குரல் கம்மியது.

திருப்பரங்குன்றத்தில் அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணம். போட்டோவுக்கு நிற்கும்போது அண்ணனைக் காணோம். மண்டபத்துக்குப் பின்னால், சாய்ந்து கிடந்த வேலிக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். யாரோ சம்பந்தி வீட்டு ஆள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பெண்ணின் அப்பா பதறிப்போய்க் கைகூப்பியபடி ஓடிவந்தார். அண்ணன் துருப்பிடித்த ஆணியைக் காட்டி, இதை இப்படியே விடலாமா என்று கேட்டார். மாற்றிவிடுகிறேன் என்று அந்த நல்ல மனிதர் வாக்குக் கொடுத்த பிறகுதான் பந்திக்கு வந்தார்.

இப்படிப்பட்டவர் காதில், நான் நிலம் வாங்கிய செய்தி விழுந்தது.

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே சின்ன நிலம். நிலத்தோடு ஒரு பழைய கிணறும் வந்தது. சுற்றுச்சுவர் இல்லாமல் தரையோடு தரையாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதைப் பார்த்த அன்றே, இதை அடைக்காமல் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சுவர் கட்ட வேண்டிய கொத்தனார் இன்றைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்று இழுத்தடித்தார். அதுவரைக்கும் கிணற்றைச் சுற்றி வேல மரக் கம்பம் நட்டுக் கம்பி வேலி போட்டுவைக்கலாம் என்று முடிவு செய்தேன். அண்ணன் அன்றைக்கே அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தார்.

சிம்மக்கல் பக்கம் ஒரு இரும்புக் கடைக்குப் போனோம். நான் வாசலிலேயே பணத்தை எடுத்துவிட்டேன். அண்ணன் சாக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆணியாக எடுத்து முனையைத் தடவினார், வளைவைப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பினார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஆணி வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?” என்றார்.

“பொண்ணுன்னா இம்புட்டு நேரம் பாக்க விடுவாகளா?” என்றார் அண்ணன்.

மென்மரத்துக்கு நீளக் கால் வேண்டும், வேல மரம் இறுக்கமானது, அதற்குக் குட்டையாக, தடித்த கால் போதும் என்றார். துத்தநாகப் பூச்சு நிற்குமா என்று பார்க்க நான்கு ரக ஆணிகளை ஒரு சோடா பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, அதைக் கடைக்காரரிடமே கொடுத்து, அடுத்த வாரம் வருகிறோம் என்றார். அடுத்த வாரம் போனபோது பாட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று ரகம் துருவேறியிருந்தது. கடைக்காரர் எங்களைவிட ஆவலாக நான்காவதைக் காட்டி, அதுதான் தேறியது என்றார்.

முள்கம்பி வேண்டாம், கிணற்றோரம் சாதாரணக் கம்பிதான் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். மாடோ மனிதரோ வந்து மோதினால் கிழிபடக் கூடாதாம். கம்பங்களையும் கிணற்று விளிம்பிலிருந்து தள்ளி நடச் சொன்னார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்குச் சுத்தியல், அவருக்குத் தீப்பெட்டி. ஆணியின் இரண்டு காலும் மர நாரின் ஒரே கோட்டில் இறங்கினால் மரம் பிளந்துவிடும், அதனால் சாய்த்து அடிக்க வேண்டும். அதோடு முழுக்க இறக்கவும் கூடாது. ஆணிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடுங்கி மறுபடி அடி.

“கம்பி அங்கிட்டும் இங்கிட்டும் நகரணும் மாப்ள. கழுத்தப் பிடிச்சா செத்துப்போகும்.”

என் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வீட்டில் மனைவி, அவரைக் கூட்டி வந்ததற்குப் பதில் கிணற்றையே மூடியிருக்கலாம் என்றாள். ஒருவழியாக வேலி முடிந்தது. அண்ணன் இரண்டு சுற்று நடந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

அந்த மாதமே அது நடந்தது. ஒரு மத்தியான நேரம் நிலத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்துப் பேச்சியம்மா தன் சினைப்பசுவை வரப்பில் பிடித்துக்கொண்டு வந்தார். கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார். ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. திடீரென்று வேட்டுப் போட்டார்கள். பசு மிரண்டு நேராகக் கிணற்றைப் பார்த்துப் பாய்ந்தது. கயிறு மணிக்கட்டில் இறுகி, பேச்சியம்மாவும் பின்னாலேயே இழுபட்டார்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. பசு வேலியில் நெஞ்சால் மோதியது. கம்பி வில்லாக வளைந்து கிணற்று விளிம்பு வரை போனது. மண் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. வளைந்த இடத்தில் கம்பி அறுந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது ஆணிகளுக்குள் சரசரவென்று நகர்ந்தது. இழுப்பு மொத்தமும் மூலைக் கம்பங்களுக்குப் போனது. கம்பங்கள் முனகின, சாய்ந்தன, நின்றன. பசு பின்காலில் உட்கார்ந்துவிட்டது. நான் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

மணிக்கட்டில் தோல் உரிந்திருந்ததைத் தவிரப் பேச்சியம்மாவுக்கு ஒன்றுமில்லை. அவர் பசுவின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளே கன்று அசைந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பாதி சொல்வதற்குள் வைத்துவிட்டார். ஆட்டோவில் வந்து இறங்கியபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வேலியைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, கயிறு இறுகிய கையைப் பிடித்துப் பார்த்தார்.

“வலிக்குதாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நீங்க கட்டுன வேலிதான் எங்கள நிப்பாட்டுச்சு.”

அண்ணன் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். கொஞ்ச தூரத்தில் முதுகில் பாரம் கூடியது. தூங்கிவிட்டார். பைக்கில் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனார்கள். கே.கே. நகர் வரைக்கும் ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்து, மெதுவாகவே ஓட்டினேன்.