டிரவுட் வயிற்றில் இருபத்தொரு வண்டு

இந்தக் கோடையில் ஒரு வண்டைக்கூடக் கையால் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நானே நூலால் கட்டிய வண்டைத் தவிர.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடி. ஜூன் பிறந்தால் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட வண்டுகள் வந்து இலையை மேயும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். பிளிவா ஆற்றங்கரை ஆண்கள் அத்தனை பேருக்கும் அப்போது முதுகுவலி வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆனால் தூண்டில் முள்ளில் மயிலிறகும் கறுப்பு நூலும் சுற்றிப் பொய் வண்டு கட்ட உட்கார்ந்தால், நாள் முழுக்க முதுகு மூச்சு விடாது.

என் மனைவி தெசங்கா இதைக் கவனித்துவிட்டாள்.

"செடியில நிஜ வண்டு மேயுது. நீங்க இங்க பொய் வண்டு பெத்துக்கிட்டு இருக்கீங்க."

"இது கலை. டிரவுட் மீன் இதைப் பார்த்தா பாய்ஞ்சு வந்து கவ்வும்."

"இதுவரைக்கும் எத்தனை கவ்விச்சு?"

"கணக்குப் பார்த்தா கலை வளராது."

"சரி. நாளைக்கு உங்க வண்டுல ஒரே ஒரு டிரவுட் பிடிச்சுக் கொண்டாங்க. கோடை முழுக்க நானே பொறுக்குறேன். இல்லைன்னா பன்னிரண்டு வரிசையும் நீங்கதான்."

ஒப்புக்கொண்டேன். வாய்க்கொழுப்பு.

மறுநாள் விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை தூண்டில் வீசினேன். என் வண்டு ஒரு மரக்கிளையைப் பிடித்தது, என் தொப்பியைப் பிடித்தது, ஒருமுறை என் காதையும் பிடித்தது. மீன்கள் கிட்டே வந்து, தூரத்துச் சொந்தக்காரர் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போயின.

வீடு திரும்பும் வழியில் மீன் பண்ணை. அங்கே வேலை செய்யும் ரதோவான் ஒரு டிரவுட்டை வலையில் அள்ளிக் கொடுத்தான்.

"நேத்துலருந்து தீனி போடல, லுபோமிர் அண்ணே. வயிறு சுத்தமா இருக்கும்."

அங்கேதான் இடித்தது. மீன் வயிற்றைத் திறந்து அது என்ன தின்றது என்று பார்க்க வேண்டும் என்று தெசங்காவுக்குச் சொல்லிக் கொடுத்த மேதையே நான்தான். காலி வயிறு, இது ஆற்று மீன் இல்லை என்று காட்டிக் கொடுத்துவிடும். கொல்லைப்புறமாக நுழைந்தேன். செடிகளுக்கு நடுவே தவழ்ந்தேன். அகப்பட்ட வண்டுகளையெல்லாம் மீனின் தொண்டைக்குள் திணித்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

தெசங்கா வயிற்றைக் கீறினாள். ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"இருபத்தொண்ணு."

"பார்த்தியா? இந்த மீனுக்கு வண்டுன்னா உயிர். அதான் என்னோடதையும் கவ்விருச்சு."

"எல்லாம் உருளைக்கிழங்கு வண்டு."

"காத்துல அடிச்சு ஆத்துல விழுந்திருக்கும்."

"சிலது இன்னும் நடக்குது."

குனிந்து பார்த்தேன். ஒன்று தட்டைத் தாண்டி ரொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"பொறுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கால் மணி நேரம்தான்."

"குனிஞ்சேவா? முதுகு வலிச்சிருக்குமே."

"சேச்சே, வலிக்கவே இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஸ்லாவிட்சா, உங்க தோட்டத்துக்கும் ஆள் கிடைச்சாச்சு."