டிராகனின் முதுகுவலி

மாலை ஐந்தரை மணி. கச்சேரி மண்டபத்தில் நூற்றிருபது கதிரைகள். அவற்றில் மெத்தை போட்ட கதிரை ஒன்றே ஒன்று. அதில் முதுகைத் தடவியபடி ஆழ்வாப்பிள்ளை இருந்தார்.

மெத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. முதுகுவலியும் வீட்டிலேயே தயாரித்ததுதான்.

போன வருடம் டெங்குக் காய்ச்சலில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மனைவி பத்மாசினி முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். மனுசன் எழும்பி வந்தால் தேரன்று கோயிலைச் சுற்றிப் பிரதட்டை பண்ணுவார். எழும்பி வந்தார். வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. ஊரே பார்க்க வீதி மணலில் உருளவேண்டும். வேண்டிக்கொண்டது அவள் வாய். உருளப்போவது இவர் உடம்பு.

“வேறை நேர்த்தியா மாத்தேலாதோ?”

“முருகன் என்ன புடவைக்கடையே, மாத்தித் தர?”

அன்றைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. போன கிழமை கோயில் குருக்களிடமே போய் முனகிக் காட்டினார். “ஏலாத உடம்பை முருகன் கேக்கமாட்டார்” என்று குருக்கள் இரங்கிவிட்டார். பத்மாசினி சண்டை பிடிக்கவில்லை. வட்டுக்கோட்டையில் ஒரு கச்சேரி, கேட்டால் நோவு மறக்கும் என்று மட்டும் சொன்னாள்.

கொழும்பிலிருந்து வந்த பத்துப் பேர் கோஷ்டி. வயலின்கள், வயலினுக்குப் பெரியப்பா முறையான சில வாத்தியங்கள். மாயக்கதை ஒன்றை இசையில் சொல்வார்களாம், சபையும் சேர்ந்து நடிக்கவேண்டுமாம். சபை விரலைச் சொடுக்கி மழை பெய்தது. வாயால் ஊதிக் காற்று அடித்தது. ஆழ்வாப்பிள்ளை நோயாளிக்குரிய அளவில் ஊதினார்.

பிறகு கோஷ்டியை நடத்திய வித்தியா மைக்கைப் பிடித்தாள். “எங்களுக்கு ஒரு டிராகன் வேணும். ஆர் வாறீங்கள்?”

பக்கத்து வீட்டு அருட்செல்வன் பின்வரிசையில் கையைத் தூக்கினார்.

“அருட்செல்வன் அண்ணை நல்ல பொருத்தம்” என்றாள் பத்மாசினி.

“உவனோ? உவன் பல்லியா வேணுமெண்டா நடிக்கலாம்.”

“ஏனப்பா, ஆள் நல்ல உசரம்.”

“உசரம் காணுமே? பள்ளிக்கூடத்திலை நான் இரணியனா வந்து உறும, முன்வரிசைப் பிள்ளையள் வீட்டை ஓடினது தெரியுமோ?”

“அது அந்தக் காலம். இப்ப உங்களாலை ஏலாது. பேசாம இருங்கோ.”

ஆழ்வாப்பிள்ளை எழும்பிவிட்டார். மெத்தை கீழே விழுந்தது.

“முதுகு கவனம்” என்றாள் பத்மாசினி. அவருக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்.

மேடையில் பெரிய வாத்தியம் உறுமியது. இவர் அதற்கு மேலால் உறுமினார். சின்ன வயலின் கீச்சிட்டு டிராகனைக் குத்தியது. டிராகன் மலையிலிருந்து ஒருதரம் உருண்டு விழுந்து சாகவேண்டும் என்று வித்தியா சொல்லியிருந்தாள். கைதட்டல் எழுந்தது. கைதட்டும்போது சாவது மரியாதையில்லை. மேடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு உருண்டார். திரும்பி உருண்டார். அருட்செல்வன் வாய் பிளந்து நிற்பது தலைகீழாகத் தெரிந்தது. அவருக்காக இன்னுமொருக்கால் உருண்டார்.

துள்ளி எழும்பிக் கும்பிட்டார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். குடுமி. திருநீறு. குருக்கள்.

“முருகன் சுகப்படுத்திப்போட்டார்!” என்றார் குருக்கள். கண் கலங்கியிருந்தது.

ஆழ்வாப்பிள்ளை இடத்துக்கு வந்தார். மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயாவை ஆர் இஞ்சை கூப்பிட்டது?”

“நான்தான். உங்கடை முதுகை நினைச்சு அவரும் பாவம், கவலைப்பட்டவர்.”

“அப்ப, உந்த அருட்செல்வன் கை தூக்கினது?”

“அதுவும் நான் சொல்லித்தான். சபையிலை டிராகனுக்கு ஆள் கேப்பினமெண்டு நோட்டீஸிலை கிடந்தது. அவருக்கு டிராகனெண்டா என்னெண்டே தெரியாது.”

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, தேர்த் திருவிழாவன்று ஆழ்வாப்பிள்ளை கோயில் வெளிவீதியில் பிரதட்டை பண்ணினார்.